பதினைந்து கிலோ சக்கரம்

மேம்பாலத்தின் உச்சியைத் தொட்டதும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காரின் இன்ஜினை அணைத்துவிடுவார். "இறங்குறதுக்கு எதுக்கு பெட்ரோல்? பூமிதான் சும்மா இழுக்குதே!" பின்னால் வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். அவர் அசையமாட்டார். பக்கத்தில் மனைவி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்பார்.

கடையில் மனிதர் தாராளப் பிரபு. யாருடைய கண்ணாடியில் திருகு கழன்றாலும் காசு வாங்காமல் மாட்டிக்கொடுப்பார். காரில் ஏறினால்தான் வேறு ஆள். வாரம் தவறாமல் டயருக்குக் காற்றுப் பிடிப்பார். ஒருநாளும் விரட்டி ஓட்டமாட்டார். அதெல்லாம் சிக்கனம்தான் என்று மனைவியே ஒப்புக்கொள்வார். ஆனால் கூட வரும் எதிர்வீட்டு வாத்தியாரிடம், "சார், பையை மடியில வெச்சுக்குங்க" என்பாரே, அதை என்னவென்று சொல்ல?

"மடியில வெச்சா எடை குறைஞ்சிடுமா?"

"குறையாதுதான். நீங்க சுமக்குறீங்கன்னு எனக்கு ஒரு ஆறுதல்."

போன மாதம் மைத்துனி வீட்டுக்குப் போகும் வழியில், கொட்டும் மழையில் டயர் பஞ்சரானது. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளம் காலி.

"வீட்ல கட்டிலுக்கடியில பத்திரமா இருக்கு. பதினஞ்சு கிலோம்மா! வருஷம் பூரா அதைச் சும்மா ஊர்வலம் கூட்டிட்டுப் போகணுமா?"

தொப்பலாக நனைந்த மனைவி ஒரு முறைதான் முறைத்தார். "சிக்கனமா இருங்க, வேணாங்கல. என்னை நடுரோட்ல நிக்க வெச்சு மிச்சம் பிடிக்கிறது கஞ்சத்தனம். இனி இந்த வண்டியில காலை வைக்கமாட்டேன்."

சொன்னபடி பஸ்ஸில் போகத் தொடங்கினார். ஓர் ஆள் எடை குறைந்ததில் மைலேஜ் கூடியது. அந்தச் சந்தோஷம் கடைக்காரருக்கு ஒட்டவேயில்லை. 'மெதுவா' என்று சொல்ல ஆளில்லாத மேம்பாலம் அவருக்குச் சப்பென்று போனது. மூன்று வாரம் வீம்பாக இருந்தார். அதற்குமேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டிலுக்கடியில் இருந்த சக்கரத்தை உருட்டிவந்து டிக்கியில் வைத்தார். "வந்து பாத்துக்கோ." மனைவி கட்டைவிரலால் டயரை அழுத்திப் பார்த்தார், ஜாக்கி இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கடைக்காரருக்கு முகமெல்லாம் பல். தன் பக்கக் கதவைத் திறந்தவர் ஒரு கணம் நின்றார். தன்னுடைய பாட்டிலின் மூடியைத் திருகி, பாதித் தண்ணீரை வாசல் செடிக்கு ஊற்றிவிட்டு ஏறிக்கொண்டார்.