கம்பை விடாதவர்

என் அக்கா வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற அளவுக்கு ஒரு கடை. சாவியைத் தொலைத்தவர்கள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்பார்கள். திறக்க முடியவில்லை என்று ஒரு பூட்டைக்கூட அவர் திருப்பிக் கொடுத்ததில்லை. "நாளைக்கு வாங்க" என்பார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பூட்டும் உட்கார்ந்திருக்கும். கையில் எடுத்ததைக் கீழே வைக்கத் தெரியாத மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மாமாவும் நானும் தூண்டில் கம்புகளைத் தூக்கிக்கொண்டு அணைக்கட்டுக்குக் கிளம்பிவிடுவோம். நான் ஆறு நாளும் பேருந்து ஓட்டுகிறவன். யாரும் "ஸ்டாப்" என்று கத்தாத ஓர் இடம் எனக்கும் வேண்டியிருந்தது. பதினைந்து வருஷமாகத் தண்ணீர் ஓரத்தில்தான் எங்கள் ஞாயிறு. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எங்கள் இரண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

போன வருஷம் நான் வராத ஒரு ஞாயிறில் மாமா பாறையில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். விழுந்தவர் கம்பை விடவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த தபால்காரர் கம்பின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். தண்ணீர் அங்கே மார்பளவுதான். மாமா அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. "கம்புதான்டா என்னைக் காப்பாத்துச்சு" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

ரகசியம் இரண்டே நாளில் தபால்காரர் கொண்டுவந்த கடிதத்தோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். தண்ணீரில் மூழ்கிப் போனவர்களின் ஈரத்துணி அவள் கைக்கு வந்திருக்கிறது. அவள் கத்தவில்லை, அழவில்லை. கம்புகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை காலைல நான் திறந்து தரேன், சாயங்காலம் நானே பூட்டுவேன். லைஃப் ஜாக்கெட் இல்லாம வாசப்படி தாண்டக் கூடாது. நீச்சல் கத்துக்கங்க. தண்ணில விழுந்தா இவர் பொழைச்சுக்குவார்னு சொல்லிக் குடுக்கிற டீச்சரே என்கிட்ட வாயால சொல்லணும். மூணு தடவை சோதிச்சுப் பாக்கட்டும். மூணாவது தடவையும் தேறலைன்னா கம்பெல்லாம் தபால்காரருக்கு."

அந்தப் பூட்டை மாமா கண்ணை மூடிக்கொண்டே திறந்துவிடுவார். ஆனால் அவர் விரல்கூட அதில் படவில்லை.

ஐம்பத்து நாலு வயதில் தொந்தியும் அரைக்கால் சட்டையுமாக அவர் பொது நீச்சல் குளத்தில் இறங்கியதைப் பார்க்க நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். சொல்லிக் கொடுத்தவரை எல்லோரும் விசில் டீச்சர் என்பார்கள். கழுத்தில் விசிலோடு, அவரைவிட இருபது வயது சின்னவர். முதல் வாரம் முழுக்க மாமா தண்ணீருக்குள் வாயை வைத்துக் குமிழி விட்டார். அடுத்து மல்லாந்து மிதக்கப் பழகினார். "விழுந்ததும் கரையப் பாத்துப் பாயாதீங்க சார். முதல்ல மல்லாந்து படுங்க, மூச்சு நிதானத்துக்கு வரட்டும். அப்புறம் கரைய யோசிக்கலாம்" என்பார் டீச்சர். மூன்று மாதத்தில் மாமா குளத்தின் குறுக்கே நீந்தினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

டீச்சர் வைத்த சோதனை வேறு மாதிரி. "அணைக்கட்டுல யாரும் அரைக்கால் சட்டையோட விழறதில்ல. எப்பவும் போற மாதிரி வாங்க" என்றார். மாமா முழுச் சட்டை, பேன்ட், ஷூ, கையில் தூண்டிலோடு குளத்தின் ஓரத்தில் நின்றார். சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து ஒரு தள்ளு. விழுந்தார், மேலே வந்தார். கம்பு வலது கையில் அப்படியே நின்றது. இடது கையால் மட்டும் துழாவி, ஒரே இடத்தில் இரண்டு சுற்று சுற்றி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஓரத்தைப் பிடித்தார்.

"கம்ப ஏன் சார் விடல?"

"விட்டுட்டதாத்தான் நெனச்சேன் டீச்சர்."

"தூண்டில்காரங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அன்னைக்கு உங்களக் காப்பாத்துனது கம்பு இல்ல, தபால்காரர். தனியா இருந்திருந்தா?"

இரண்டாவது தடவையும் அதே கதைதான். அதற்கப்புறம் அக்கா வீட்டிலேயே பயிற்சி ஆரம்பித்தாள். நினைத்த நேரத்தில் "விடுங்க!" என்று கத்துவாள்; கையில் இருப்பதை மாமா உடனே போட வேண்டும். ஒரு டம்ளர் நசுங்கியது, ஒரு டார்ச் உடைந்தது, ஒரு நாள் முழுத் தட்டும் தரைக்குப் போனது. எல்லாவற்றையும் விட்டார். கம்பைக் கையில் கொடுத்துக் கத்தினால் மட்டும் விரல் இறுகிக்கொண்டது. அதன் வளையம் ஒவ்வொன்றும் அவரே நூல் சுற்றிக் கட்டியது. எனக்குக் கொண்டாட்டம். "மாமா, கம்புக்கும் அக்காவுக்கும் சேத்தே தாலி கட்டிட்டீங்களா?" என்று கேலி செய்தேன்.

மூன்றாவது சோதனை புதன்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்தின ஞாயிறு, வழக்கம்போல அணைக்கட்டு. மாமா ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டில், பக்கத்தில் டீச்சர் எடுத்துப் போகச் சொன்ன காலி பிளாஸ்டிக் கேன், அதன் கைப்பிடியில் நீளக் கயிறு. "பால்காரர் வந்துட்டாரு" என்று அதற்கும் சிரித்தேன். நான் ஜாக்கெட் போடவில்லை. புழுக்கமாக இருக்கிறதாம் எனக்கு.

பத்து மணி வாக்கில் மாமாவின் கம்பு வில்லாக வளைந்தது. பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு இழுப்பை நாங்கள் பார்த்ததில்லை. "வலைய எடுடா மாப்ளே!" என்று கத்தினார். ஒரு கையில் என் கம்பு, இன்னொரு கையில் வலை, பாசி பிடித்த பாறையில் ஓடினேன். மூன்றாவது எட்டில் கால் வழுக்கிவிட்டது.

அங்கே மார்பளவு தண்ணீர் இல்லை. வலை எங்கோ போனது, ஷூ கீழே இழுத்தது. மேலே வந்தபோது மாமாவைப் பார்த்தேன். மீனோடு வளைந்த கம்பு அவர் கையில் இருந்தது. பிறகு இல்லை. கம்பு பாறையில் தடதடத்து, ரீலோடு தண்ணீருக்குள் போனது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேனை எடுத்து வீசினார். எட்டவில்லை. இழுத்து மறுபடி வீசினார். இந்தத் தடவை என் தோளுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

"பிடிடா!"

ஒரு கையால் தடவினேன், வழுக்கியது. இன்னொரு கை எங்கே என்று கேட்கிறீர்களா?

"கம்ப விடு மாப்ளே! விடுடா!"

நன்றாகவே காதில் விழுந்தது. என் புத்தியில் அப்போது ஓடியது ஒன்றே ஒன்றுதான்: ரீல் புதுசு. இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தேனோ, அதே கை இப்போது எனக்கு. இரண்டாவது தடவை தண்ணீர் மூக்கில் ஏறிய பிறகுதான் விரல் திறந்தது.

கேனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தேன். "மல்லாந்து படு, உதைக்காத, வானத்தப் பாரு" என்ற குரல் வந்துகொண்டே இருந்தது. மாமா தண்ணீரில் குதிக்கவில்லை. பாறையில் குப்புறப் படுத்துக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். கரையில் விழுந்து நான் அழுதேன். சும்மா கண் கலங்கவில்லை, வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் அக்கா பூட்டும் சாவியுமாக வந்தாள். என் ஈரச் சட்டையைப் பார்த்தாள், மாமாவின் வெறுங்கையைப் பார்த்தாள்.

"கம்பு எங்கங்க?"

"விட்டுட்டேன்."

நடந்ததை நான்தான் சொன்னேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு எழுந்து, "டீச்சர் வந்து எதுவும் சொல்ல வேண்டாம். நீங்க தேறிட்டீங்க" என்றாள் மாமாவிடம்.

மாமாவின் கம்பை மீன் கொண்டு போய்விட்டது. என் கம்பு மட்டும் மானங்கெட்டு மிதந்து கரைக்கு வந்திருந்தது. அக்கா அதை என் தோளிலிருந்து உருவி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். "நீ புதன்கிழமைலேர்ந்து குளத்துக்குப் போற."

அக்கா உள்ளே போனதும் மாமாவின் கையைப் பிடித்தேன். உலகத்துப் பூட்டையெல்லாம் திறக்கிற கை. "மாமா, அரை நிமிஷ வேலை" என்று கெஞ்சினேன்.

அவர் பூட்டைக் கையில் ஏந்தி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னால முடியாது மாப்ளே" என்றார்.