வலது கண்ணுக்கு வாங்கிய கேமரா

பழைய ஃபிலிம் கேமரா உனக்கு எதுக்கு என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். சரியான பதில் என்னிடம் ஒருநாளும் இருந்ததில்லை. எனக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களைச் சரிபார்க்கிற வேலை. நாள் முழுக்க இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு ஊரப்பாக்கம் திரும்பும்போது ரயிலில் எல்லோரும் இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நானும்தான். திரையில்லாத ஏதாவது ஒன்று கையில் வேண்டும்போல் இருந்தது என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். அதுவும் அப்போது வாயில் வந்ததுதான்.

பழைய பொருட்கள் விற்கிற ஒரு தளத்தில் அந்த விளம்பரம் வந்தது. ரஷ்யாவில் செய்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, இரண்டு லென்ஸ், தோல் உறை. விற்கிறவர் பொழிச்சலூரில் இருந்தார். பம்மலில் பைப், குழாய் சாமான் கடை வைத்திருக்கும் பாய். மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் பைக்கில் போனோம்.

பாய் மேஜைமேல் ஒரு துண்டை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சின்ன வயதில் கேமரா மேல் பைத்தியமாக இருந்தாராம். "இப்ப ரோல் கிடைக்கறதே பேஜாரா கீதும்மா. கெடச்சாலும் கழுவறதுக்கு எங்கயோ அனுப்பணும். சும்மா பெட்டிக்குள்ள வச்சிருந்தா பூஞ்ச புடிச்சிடும். யாராவது எடுத்தா நல்லதுன்னு போட்டேன்."

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அதில் கண்ணை வைத்தால் நட்டநடுவில் மங்கலாக ஒரு மஞ்சள் சதுரம் தெரியும். அந்தச் சதுரத்துக்குள் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். லென்ஸைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டும் நெருங்கி வரும். ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டால் ஃபோகஸ் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். பாய் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் எதிர்வீட்டுத் தென்னையைப் பார்க்கச் சொன்னார்.

"எந்தக் கண்ணால பாக்கறீங்க?"

"வலது."

"நல்லது. இது வலது கண்ணுக்காரங்களுக்குன்னே செஞ்சது. இடது கண்ணுன்னா மூக்கு இடிக்கும், இந்த லீவரும் முகத்துல குத்தும்."

இரண்டு தென்னைகள் ஒன்றாயின. எனக்கு அப்போது வந்த சந்தோஷம் கொஞ்சம் அதிகம்தான். கணவர் படிக்கட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பாயின் மனைவி டீ போட்டுவிட்டார். குடித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

முதல் ரோலில் பாதி எடுக்கும்வரை எல்லாம் நன்றாகவே போனது. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் மேம்பாலம், மாடியில் காயும் சட்டைகள், சட்டைகளுக்கு நடுவில் கணவரின் முகம். ஒவ்வொரு படத்துக்கும் அந்தச் சதுரத்துக்குள் இரண்டு ஒன்றாகும்வரை காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவசரப்படுத்த யாரும் இல்லாத ஒரு வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். நீள லென்ஸை மாட்டியிருந்தேன். பழைய மிக்ஸி ஜார்களைக் குவித்து வைத்து விற்கிற ஒரு அக்கா, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்தார். கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தேன். நடுவில் சதுரம் இல்லை. சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் டீ சிந்திக் காய்ந்ததுபோல ஒரு கறை. அக்காவின் முகம் அந்தக் கறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தேன். ஊதினேன். மறுபடி பார்த்தேன்.

"எடுத்துட்டியாம்மா?" என்றார்.

"எடுத்துட்டேன்க்கா," என்று பொய் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

பூஞ்சைதான் என்று நினைத்தேன். அந்த வாரம் முழுக்க மழை. வீட்டில் சுவரே வியர்த்துக்கொண்டிருந்தது. கேமராவை அரிசி டப்பாவுக்குள் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். ஃபேனுக்கு அடியில் வைத்தேன். கறை போகவில்லை. கணவரிடம் காட்டியிருக்கலாம். ஆனால் அவர் ஆரம்பத்திலிருந்தே வேண்டாம் என்றவர். அவரிடம் சொல்வதைவிடப் பாயிடம் நேரே போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

பாய் கோபப்படவில்லை. ஆனால் முகம் சுருங்கிவிட்டது. "நான் சுத்தமா குடுத்தேனேம்மா," என்று சொல்லிக்கொண்டே கேமராவை ஜன்னலோரம் எடுத்துப்போய்ப் பார்த்தார். லென்ஸைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"நல்லாத்தானே கீது."

"நடுவுல பாருங்க பாய். கறை மாதிரி."

"நடுவுலதாம்மா பாக்கறேன். தென்ன ஓலை ஓலையா தெரியுது."

மனைவியைக் கூப்பிட்டார். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். "மஞ்சளா ஒரு கட்டம் தெரியுது. அதுவா?" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். எனக்குக் கறைதான். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நொடியில்கூட, இவர்கள் சேர்ந்து பொய் சொல்கிறார்களோ என்று என் மனதில் ஓடியது.

பாயின் மனைவிதான் மெதுவாகக் கேட்டார். "இடது கண்ண மூடிக்கினு, கேமரா இல்லாம, அந்த ஜன்னல பாரும்மா."

ஜன்னலில் நேரான இரும்புக் கம்பிகள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். ஓரத்துக் கம்பிகள் நேராக இருந்தன. நடுவில் இருந்த இரண்டு மட்டும் வயிறு தள்ளியதுபோல் வளைந்திருந்தன, அவற்றுக்கு இடையில் அதே பழுப்புக் கறை. கையை எடுத்தேன். எல்லாக் கம்பிகளும் நேராகின. மூடினேன். வளைந்தன.

"எனக்கு சுகர்ல ஒரு கண்ணு இப்படித்தான் ஆச்சு," என்றார் அவர். "ரெண்டு கண்ணும் தொறந்திருந்தா ஒண்ணுமே தெரியாது. நல்ல கண்ணு மறச்சிடும்."

நான் உட்கார்ந்துவிட்டேன். பாய் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதன் உறையை மாட்டி, பட்டனைப் போட்டு, மேஜையில் எனக்கு எட்டாத தூரத்தில் வைத்தார். கிளம்பும்போது நானே எழுந்துபோய் அதை எடுத்துக்கொண்டேன்.

தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கணவர் கூட்டிப்போனார். சொட்டு மருந்து, காத்திருத்தல், ஒரு மெஷினில் தாடையை வைத்துப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தல், மறுபடி காத்திருத்தல். டாக்டர் எங்களைவிட வயதில் சின்னவர். திரையில் என் கண்ணின் உள்படத்தைக் காட்டினார். தரையில் விரித்த ஜமுக்காளம் ஓரிடத்தில் உப்பியதுபோல் இருந்தது.

"விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கு. பெரும்பாலும் தானாவே வத்திடும்."

"மருந்து?" என்றார் கணவர்.

"இப்போதைக்கு எதுவும் வேணாம். மூணு மாசம் பாப்போம்."

"நாங்க என்ன செய்யணும்?"

"டென்ஷன் ஆகாதீங்க. நல்லா தூங்குங்க."

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் கணவர் மருந்துக்கடை ஜன்னலருகில் சற்று நேரம் நின்றார். வாங்குவதற்கு எதுவும் இல்லை என்பது அவருக்கு ஒப்பவில்லை. கடைசியில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினார்.

எந்த நோயிலும் நமக்கென்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். மாத்திரை போடுவது, பத்தியம் இருப்பது, ஒத்தடம் கொடுப்பது. எனக்கு எதுவும் இல்லை. காலையில் எழுந்ததும் இடது கண்ணை மூடி ஜன்னலைப் பார்ப்பேன். நேற்றைவிடக் கம்பி கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சில நாள் நிமிர்ந்ததுபோல் இருக்கும், மத்தியானத்துக்குள் வளைந்துவிடும். டென்ஷன் ஆகக் கூடாது என்று நினைத்து நினைத்தே நெஞ்சு படபடக்கும். ஆபீசில் மேனேஜரிடம் சொன்னேன். "ஓ, டேக் கேர்" என்றார், அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய கிளெய்ம்களையும் அனுப்பினார்.

பாய் போன் செய்ய ஆரம்பித்தார். முதல் தடவை நலம் விசாரித்தார். அடுத்த தடவை தயங்கித் தயங்கி, "ஒத்தக் கண்ண மூடிக்கினு அதுலயே உத்து உத்துப் பாத்ததால வந்ததாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல பாய். டாக்டரே சொல்லிட்டார், கேமராவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு."

"டாக்டருக்கு இந்தக் கேமராவப் பத்தி இன்னா தெரியும்?"

எத்தனை சொல்லியும் அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பழங்கள், சட்டைப் பையில் நான் கொடுத்த பணம். கேமராவைத் திருப்பித் தந்துவிடும்படி கேட்டார். நான் மாட்டேன் என்றேன். உண்மையில் அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் திருப்பிக் கொடுத்தால் கண்ணையும் அதோடு கொடுத்துவிட்டதுபோல ஆகிவிடும் என்று ஒரு பயம். பாய் தலையைக் குனிந்துகொண்டார். "என் மனசுக்குக் கஷ்டமா கீதும்மா," என்றார். அவருக்காக எடுத்துக் கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. எங்கள் இரண்டு பேரில் யாருக்கு யார் ஆறுதல் சொல்வது என்று புரியவில்லை.

"வச்சிக்கட்டும், விடுங்க," என்றார் அவர் மனைவி. கணவர் எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டு வந்தார். அவர் காபி போடுவது அபூர்வம். சர்க்கரை போட மறந்திருந்தார். பாயின் மனைவி மட்டும் அதை விரும்பிக் குடித்தார்.

அவர்கள் போன பிறகுதான் கணவர் அந்தக் கேமராவை முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தார். லென்ஸைச் சுற்றி எழுதியிருந்த எண்களைக் காட்டி என்ன என்று கேட்டார். தூரம், மீட்டர் கணக்கு என்றேன். உள்ளே போய், டூல் பாக்ஸிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து வந்தார்.

"நீ எதையும் பாக்க வேணாம். நான் அளந்து சொல்றேன், நீ அந்த நம்பர்ல வச்சி அமுக்கு."

அடுத்த வாரமே எங்கள் தெருவில் இறங்கினோம். நான் டேப்பின் முனையைக் கேமராவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அவர் மறுமுனையை இழுத்துக்கொண்டு இளநீர் வண்டிவரை போனார். "மூணு மீட்டர் இருபது!" என்று அங்கிருந்து கத்தினார். தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் வேகமாக இறங்கி வந்து, "ரோடு அகலப்படுத்தறாங்களா சார்? எங்க காம்பவுண்டுல எவ்வளவு போகும்?" என்று கேட்டார். கணவர் விளக்கிச் சொன்னார். அவர் நம்பாமல் கடைசிவரை நின்று பார்த்தார். நான் லென்ஸை அந்த எண்ணுக்குத் திருப்பி வைத்து நிமிர்வதற்குள் இளநீர்க்காரர் பைக்கில் வந்த ஒருவருக்குக் காய் வெட்டித் தர வண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டார். கணவர் சுருண்டு வந்த டேப்பைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். நான் அவரையே எடுத்தேன்.

ரோல் முடிந்து, கழுவி வர நெடுநாள் ஆனது. தெளிவாக வந்தவை சில, கலங்கி வந்தவை சில. கண் நன்றாக இருந்தபோது எடுத்தவற்றிலும் கலங்கியவை இருந்தன. டேப் பிடித்து எடுத்தவற்றில் இரண்டு துல்லியமாக வந்திருந்தன. அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியவில்லை.

மறுபரிசோதனைக்குப் போன அன்று டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, "பாருங்க, தண்ணி நல்லா வத்திடுச்சு," என்றார். உப்பல் அடங்கியிருந்தது.

"ஆனா எனக்கு இன்னும் நடுவுல மங்கலாத்தான் இருக்கு டாக்டர். கம்பி வளையல. ஆனா அழிச்ச மாதிரி இருக்கு."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தண்ணி நின்ன இடத்துல கொஞ்சம் பாதிப்பு தங்கியிருக்கு. சிலருக்கு அப்படி ஆகும்."

"அது போயிடுமா?"

"இன்னும் கொஞ்சம் முன்னேறலாம். பெருசா எதிர்பார்க்க வேணாம். இடது கண் நல்லா இருக்கே."

கணவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஊசி, லேசர், வேறு டாக்டர் என்று ஏதாவது இருக்கும். கேட்கவில்லை. அடுத்த நோயாளி கதவருகில் வந்து நின்றுவிட்டார்.

இப்போது நான் இடது கண்ணால் படம் எடுக்கிறேன். பாய் சொன்னபடி மூக்கு இடிக்கிறது, லீவர் புருவத்தில் குத்துகிறது. சதுரத்துக்குள் இரண்டு ஒன்றாவது தெரிகிறது. எப்போதாவது பழக்கத்தில் வலது கண்ணை வைத்துவிடுவேன். மங்கலுக்குள் எதையோ சற்று நேரம் தேடிவிட்டு, கண்ணை மாற்றுவேன்.

மறுபரிசோதனை முடிந்து அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தபோது உச்சி வெயில். மருந்து விட்ட கண்களில் ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க வெள்ளையாக எரிந்தது. எதிர்ப்பக்கம் போக வேண்டும். கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பஸ்களும் லாரிகளும் விடாமல் வந்துகொண்டிருந்தன. "இது போகட்டும்," என்றார். அது போனது. "இதுவும் போகட்டும்," என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் இழுக்கும்வரை நின்றேன்.