இஸ்ஸா பகலில் சொன்ன கதை

எங்கள் அட்லஸ் மலையூரில் இஸ்ஸா அளவுக்குச் சந்தேகப் பிராணி கிடையாது. தேநீர்க் கடைக்காரன் சிரித்தால்கூட, "இவன் எதுக்கு இளிக்கிறான்?" என்று என்னைக் கேட்பாள். நானும் அவளும் ஒரே தறியில் கம்பளம் நெய்கிறவர்கள். என் முடிச்சுகளையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் உண்டாகியிருந்தபோது, தலைநகர் ரபாத்திலிருந்து நஜ்லா என்றொரு பெண் வந்தாள். பல நாட்டுக் கதைகளைச் சேர்த்து ஒப்பிட்டுப் படிக்கிறாளாம். இஸ்ஸாவின் அம்மா சொல்லி வந்த அரக்கி கதை வேண்டும் என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினாள்.

"நம்ம கதை இவளுக்கு எதுக்குடி?" என்று இஸ்ஸா என் காதைக் கடித்தாள். அதைவிடப் பெரிய கவலை வேறு. பகலில் கதை சொன்னால் பிள்ளைக்குத் தலை சொட்டையாகும் என்பது எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"இருட்டினப்புறம் வாயேன்."

"பஸ் போயிடும் அக்கா. இந்த ஒரு கதைக்காகத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்."

வீடு தேடி வந்தவளை வெறுங்கையோடு அனுப்பவும் மனசில்லை. இஸ்ஸா வயிற்றைத் தடவிக்கொண்டே ஒரு வழி கண்டுபிடித்தாள். பொய்க்கதைக்கு அந்தத் தோஷம் ஒட்டாதே! நிஜக் கதையில், குகையில் அகப்பட்ட சிறுமி பேன் பார்க்கிற சாக்கில் அரக்கியின் கூந்தலைத் திரிகைக் கல்லில் கட்டிவிட்டுத் தப்பி ஓடுவாள். இவள் சொன்னதிலோ, சிறுமி அரக்கிக்குத் தலை பின்னிவிட்டு, அம்மா என்று கூப்பிட்டு, குகையிலேயே தங்கிவிட்டாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நஜ்லாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இந்தியா வரைக்கும் தேடிட்டேன் அக்கா, இப்படி ஒரு முடிவு எங்கயுமே இல்ல!"

"எப்படி இருக்கும்?" என்றாள் இஸ்ஸா, முகம் மாறாமல்.

மகள் தீசிரி தலை நிறைய முடியோடு பிறந்தாள். அந்த உச்சந்தலையைத் தடவித் தடவிப் பார்த்த பிறகுதான் இஸ்ஸாவுக்கு மூச்சு வந்தது.

தீசிரி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒருநாள் பொழுது சாய்ந்ததும் அவளுக்குப் பின்னல் போட்டபடி இஸ்ஸா அந்தக் கதையைச் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அரக்கியின் கூந்தலைக் கட்டுகிற இடம் வந்தது.

"தப்பா சொல்ற அம்மா! அந்தப் பொண்ணு அங்கயே இருந்துடுவா. நம்ம ஊர்க் கதைன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு, டீச்சர் படிச்சாங்க."

"அது நான் விட்ட புளுகுடி!"

"நாங்க எல்லாரும் அழுதோம். டீச்சர்கூட அழுதாங்க. உன் கதைதான் பொய்."

இஸ்ஸா சீப்பைக் கீழே வைத்தாள். எனக்குப் பாவமாக இருந்தது; அவள் அம்மா சாகும்வரை சொன்ன கதையல்லவா. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கண்கள் இடுங்கின.

"ஏய், எங்கம்மாவுக்கு இதைச் சொன்னவ யாரு? அவ ராத்திரிலதான் சொன்னாளா, பகல்லயா?"