பைலட் தம்பி பார்த்த டயர்

மெர்போக் ஊரிலிருந்து கூலிம் நகரத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டினேன். என் தம்பி விமானப்படையில் பைலட். பயிற்சிக்குப் போகும் முன் எஸ்டேட் சாலையில் இரண்டு கையையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவான். பறக்கப் பழகினால் இன்னும் துணிந்துவிடுவான் என்று நினைத்தேன்.

லீவில் வந்தவன் ஒருநாள் காலை என்னோடு வந்தான். ஆட்கள் ஏறியதும் பஸ்ஸைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தான். முன் டயர் பக்கவாட்டில் வீங்கியிருந்தது.

"அண்ணே, இதுல போக வேணாம்."

அந்த மாதம் இரண்டு முறை தாமதமாகியிருந்தது. இன்னொரு முறை என்றால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லியிருந்தார்.

"ஒரு டிரிப் தாங்கும்லா. பிளேன் ஓட்டுறவனுக்கு டயரைப் பார்த்து பயமா?" என்றேன். உள்ளே ஓர் அக்கா சிரித்தார்.

"மேல போனா ஆபத்து இருக்கும்ணே, அது என் வேலை. கீழயே சரி பண்ண முடிஞ்சதை மேல கொண்டு போகாதேன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. உன் பின்னால முப்பது பேரு இருக்காங்க."

அவன் குரலில் பயம் இல்லை. நான் இன்ஜினை நிறுத்திவிட்டு, டயர் மாற்ற வேண்டும், தாமதமாகும் என்று முதலாளிக்குப் போன் போட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். சரி என்றேன்.

ஆட்களை இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, இருவரும் ஜாக்கி வைத்து டயரை மாற்றினோம். முப்பது பேரையும் கூலிமில் இறக்கிவிட்ட பிறகுதான் பஸ் சாவியை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.