ரேணிகுண்டாவில் இறங்கிய பெரிய விமானம்

போன வருடம் ஐப்பசி மழைக்காலம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ரேணிகுண்டாவில் இருக்கிற திருப்பதி விமான நிலையத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் நகரி. வளைகுடா நாடு ஒன்றில் விமானத்தில் சரக்கு ஏற்றும் வேலை.

நான் ஏற்றுவது, பயணிகள் போகிற பெரிய விமானத்தையே சரக்குக்கென்று செய்த வகை. சீட்டும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. உள்ளே நின்றால் காலி செய்துவைத்த கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். காரையும் குதிரையையும்கூட ஏற்றியிருக்கிறேன். பவர்லூம் ஓட்டுகிற என் நைனாவிடம் சொன்னால் நம்பவே மாட்டார். "ஜன்னல் இல்லாம இன்னாடா ப்ளேனு? கதை வுடாத" என்று போனில் சிரிப்பார்.

அந்த நைனா திடீரென்று போய்விட்டார். லீவும் டிக்கெட்டும் கிடைத்து நான் கிளம்புவதற்குள் உடலை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டாம் நாள் ஆகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை. சனிப் பிணம் தனியாகப் போகாது என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் எடுத்தே ஆக வேண்டும். மூத்த மகன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். சென்னையில் இறங்கிக் காரில் ஓடினால் பிடித்துவிடலாம் என்று, அதே விமானத்தின் பயணிகள் வகையில் ஏறி உட்கார்ந்தேன்.

சென்னையில் பேய்மழை. இறங்க முடியாமல் வட்டமடித்த விமானம் வேறு பக்கம் திரும்பியது. கீழே ஏழுமலை தெரிந்ததும் யாரோ "கோவிந்தா!" என்று குரல் கொடுக்க, அத்தனை பெரிய விமானமும் கோவிந்தா போட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. இங்கிருந்து எங்கள் வீடு காரில் ஒரு மணி நேரம்தான்! பெருமாளே கொண்டுவந்து விட்டுவிட்டார் என்று அழுதுகொண்டே பையை எடுத்தேன்.

கதவு திறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் விமானம், இங்கே யாரையும் இறக்க அனுமதி இல்லை என்றார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பணிப்பெண்ணிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவர் போய் விமானியிடம் பேசிவிட்டு வந்தார். இறக்கிவிட முடியாது, ஆனால் கிளம்பியதும் நகரிப் பக்கமாகத்தான் போவோம், வலது ஜன்னலில் உட்காருங்கள் என்றார். ஜன்னலோரம் இருந்த கடப்பாக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார்.

தம்பிக்குப் போன் போட்டேன். "பொழுது சாயறதுக்குள்ள என்னால வர முடியாதுடா. நீயே வெச்சிடு."

"நீ இல்லாம எப்டிண்ணா வெப்பேன்?" என்று அழுதான்.

"ப்ளேன் நம்மூரு மேலதான் வருது. நைனாவ எத்துக்கினு போயி சுடுகாட்டுல நில்லுங்க. நான் மேல வந்ததும் வை."

சென்னையில் மழை விட்டதும் கிளம்பினோம். என்ன கனம் அது! எனக்குத் தெரியும், அதன் வயிற்றை நிரப்புகிறவன் நான். அத்தனை கனமும் தரையை விட்டு எழுந்து, மெல்லச் சாய்ந்து திரும்பியது. மேகம் விலகி நகரி மலையின் மூக்குப் பாறை தெரிந்தது. ஆற்று மணல் தெரிந்தது. சுடுகாடு எது என்று தேடுவதற்குள் கண்ணில் நீர் மறைத்தது. கைகூப்பி, "நைனா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். பக்கத்தில் கடப்பாக்காரரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையில் இறங்கிக் காரில் வந்து, இருட்டிய பிறகுதான் வீடு போய்ச் சேர்ந்தேன். தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னான். சுடுகாட்டில் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்களாம். அவ்வளவு பெரிய விமானம் அவ்வளவு தாழ்வாக எங்கள் ஊர் மேல் என்றைக்கும் போனதில்லையாம். சத்தத்தில் நெஞ்சே அதிர்ந்ததாம். அப்போது எங்கள் தாய்மாமன் வானத்தைக் காட்டி, "பெரியவன் வந்துட்டான்டா, வைடா கொள்ளி" என்றாராம்.

கொள்ளி வைக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற குறை எனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உன் நைனா சாவுக்கு நீ வந்தாயா என்று என்னை இதுவரை நகரியில் யாரும் கேட்டதில்லை.