கோவணம் கட்டியவரும் கயிறு பிடித்தவரும்

எங்கள் கடற்கரைக் கோயிலில் பீடத்துக்குப் பின்சுவரில் ஓர் ஓவியம் இருந்தது. மேலே மாதா நீல முக்காட்டை விரித்து நிற்பாள். அவள் காலடியில் ஒரு தோணி. கோவணம் மட்டும் கட்டிய ஒருவர், காலில் கல்லோடு, முத்துக்குளிக்கக் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருப்பார். அவர் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இன்னொருவர் பிடித்திருப்பார். கடலில் இருப்பவருக்குக் கன்னம் உப்பியிருக்கும். தோணியில் இருப்பவரின் கண் கயிற்றைவிட்டு அகலாது. சிப்பிச் சுண்ணாம்புச் சுவரில் அதை வரைந்த கை எங்கள் ஊர்க் கை என்பது மட்டும் பார்த்தாலே தெரியும்.

அதைக் கொத்தி அழித்தார்கள் என்று எழுதத்தான் மனம் வருகிறது. அழிக்க வழிவிட்டவன் நான்.

என் அக்காள் கணவர் சங்கு குளித்தவர். எங்கள் பக்கம், இறங்குகிறவரின் கயிற்றை அவர் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். அக்காள் தாலிக்காகவாவது கண்ணயர மாட்டான் என்ற நம்பிக்கை. கல்லூரி விடுமுறைகளில் மச்சானுக்குக் கயிறு பிடித்தது நான்தான். பிறகு தூத்துக்குடியில் சரித்திரப் பேராசிரியர் ஆனேன். உள்ளங்கை மெத்தென்று ஆயிற்று.

இருபது வருடங்களுக்கு முன் கோயிலைப் புதுப்பிக்கக் கூட்டம் போட்டார்கள். ஓவியத்தைக் கொத்தி எடுத்துவிட்டுப் பளபளவென்று டைல்ஸ் ஒட்ட வேண்டும் என்றார் கமிட்டித் தலைவர். "மாதாவுக்குக் கீழ கோவணம் கட்டுனவன் எதுக்கு? பிஷப் வாராரு, மானம் போயிரும்லா?"

மச்சான் எழுந்தார். "ஏலே, அந்தக் கோவணந்தாம்லே இந்தக் கோயிலக் கட்டுச்சு. நீ போட்டுருக்க பேண்டு ஒரு கல்லு சுமந்திருக்குமாலே?"

கூட்டம் சிரித்து அடங்கியதும் என் பக்கம் கைநீட்டினார். "எங்க மாப்ள சரித்திரம் படிச்சவரு. அவரு சொல்லட்டும். அவரு என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

அந்த ஓவியம் பழையது என்று எனக்குத் தெரியும். இந்தக் கரையில் அதற்கு இணை கிடையாது என்றும் தெரியும். ஆனால் என் கல்லூரி நண்பர்கள் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கோவணத்தைப் பார்த்துப் புன்னகைப்பார்கள்; நான் கூசிப்போவேன். எழுந்து, "யாரோ கற்றுக்குட்டி வரைந்தது. சரித்திர மதிப்பு இல்லை" என்றேன்.

மின்சார உளி மூன்றே நாளில் வேலையை முடித்தது. மாதாவின் நீலமும் கடலின் பச்சையும் மீன்கூடைகளில் போய், கடற்கரைப் பாதையின் பள்ளங்களில் விழுந்தன. அந்தச் சுவரில் இன்று குளியலறைக்கு ஒட்டும் டைல்ஸ் மின்னுகிறது. கொத்தியவர்களைத் திட்ட எனக்கு என்ன தகுதி? அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்றபின் ரோமாபுரிக்குத் திருயாத்திரை போனேன். வழியில் ஒரு மலைக்கிராமத்தில் இடைக்காலத்துச் சிறு கோயில். சுவரில் புனிதரின் காலடியில் கிழிந்த துணியோடு ஒரு குடியானவன், கையில் அரிவாள். கைகூட சரியாக வரையப்படவில்லை. அதற்கு முன்னால் தடுப்புக் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, சாவியோடு ஓர் அம்மாள் காவல் நின்றாள். எங்கள் குழு வாயைப் பிளந்து பார்த்தது. நானும்தான்.

இந்த வருடம் கோயில் விழா மலர் போடுகிறார்கள். 'உப்புக்காற்றில் உதிர்ந்துபோன பழைய ஓவியம்' என்று ஒரு வரி எழுதி, கீழே என் பெயரைக் கேட்டார்கள். எவ்வளவு துணிச்சல்! காற்றின்மேல் பழி போடுகிறார்கள், அதற்கும் என் படிப்பையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நேரே மச்சான் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடமும் யார் ஓவியத்தைப் பற்றிக் கேட்டாலும், "மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எனக்காக வாதாடியவர் அவர் ஒருவர்தான்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆழத்தில் இறங்கி இறங்கிச் செவிப்பறை கிழிந்தவர். பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "மச்சான், அன்னைக்கு நான் பொய் சொன்னேன்."

"கேக்கல மாப்ள. சத்தமாச் சொல்லும்."

கத்தினேன். "அந்தப் படம் மதிப்புள்ளதுதான். எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன்!"

எதிரே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். இரண்டு வீட்டுக் கதவுகள் திறந்தன. மச்சான் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னும் சத்தமா," என்றார்.