அகல டயரும் என் மூக்கும்

கல்யாணமாகி அரக்கோணத்திலிருந்து ஆம்பூருக்கு வந்த புதிது. என் கணவர் தோல் வியாபாரி. தன்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார் மேல் உயிரையே வைத்திருந்தார். அதற்குப் புது டயர் வாங்க வேலூர் போனோம். அந்தச் சக்கரத்துக்குப் பழைய அளவே போதும் என்றார் கடைக்காரர். அகல டயர்தான் ரோட்டைக் கவ்வும் என்றார் அங்கே வந்திருந்த கணவரின் தோஸ்த். எனக்கு இரண்டுமே சரியாகப் பட்டது. அகலம் ஜெயித்தது.

ஆம்பூரை நெருங்கும்போது ஏதோ கருகும் வாடை.

"ஏங்க, இன்னாமோ நாறுதே?"

"தோல் ஷாப் நாத்தம். பழகிடும்."

ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் ஷாப்புகள்; வந்த நாளிலிருந்து கேட்ட பதில்தான். என் மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ரயில்வே கேட்டில் நின்றபோது ஒரு மாட்டுவண்டிக்காரர் ஓடி வந்தார்.

"சார், சக்கரத்துல பொக வருது."

மட்கார்டில் உரசி உரசி, டயரின் ஓரம் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் வெடித்திருக்கும். கணவர் என்னைப் பார்த்தார்.

மறுபடியும் பழைய அளவு டயரே மாட்டினோம். சில வருடம் கழித்து, ஊரிலிருந்து வந்த என் தங்கை அதே காரில் என்னோடு நெருக்கி உட்கார்ந்து மூக்கைப் பொத்தினாள்.

"இன்னாக்கா இந்த நாத்தம்?"

எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. 'பழகிடும்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, நான்கு டயரையும் தொட்டுப் பார்த்தேன்.